பஞ்சை நனைக்கும் முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனை ஆய்வகங்களிலும் பள்ளித் தடுப்பூசி முகாம்களிலும் ஊசி பிடிக்கும் செவிலியர்களுக்கும் லேப் டெக்னீஷியன்களுக்கும், அவர்களுக்குச் சுற்றறிக்கை எழுதும் பொது சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

ரத்தம் கொடுக்க வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டுகிறார். ரப்பர் கட்டியாகிவிட்டது. நெற்றியில் வேர்வை அரும்புகிறது. அதைப் பார்த்து நீங்கள் அக்கறையோடு சொல்வது பெரும்பாலும் இதுதான்: "பயப்படாதீங்க. உடம்பை லூசா விடுங்க. மூச்சை நல்லா இழுத்து விடுங்க." சொன்னபடி செய்கிறார். அரை நிமிடத்தில் ஸ்டூலிலிருந்து சரிகிறார்.

அந்த மூன்று வாக்கியங்களைப் பற்றித்தான் இந்த மடல். லிஃப்டுக்குப் பயப்படுபவரிடமோ மேடை ஏற நடுங்குபவரிடமோ அவற்றைச் சொன்னால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஊசியையோ ரத்தத்தையோ கண்டு மயங்கி விழும் பழக்கமுள்ளவரிடம் சொன்னால், விழப்போகிறவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் விழவைத்த மாதிரி.

நாய், பாம்பு, உயரம், இருட்டு என்று மற்ற எந்தப் பயத்திலும் உடம்பு ஒரே திசையில்தான் போகும். நெஞ்சு படபடக்கும், பி.பி. ஏறும், ஏறியபடியே இருக்கும். "மயங்கி விழுந்துடுவேனோ" என்று அவர்களும் அஞ்சுவார்கள், ஆனால் பி.பி. ஏறி நிற்கும் உடம்பு லேசில் மயங்காது. ஊசி, ரத்தம், காயம் சம்பந்தப்பட்ட பயத்தில் மட்டும் உடம்பு இரண்டு கட்டமாக நடந்துகொள்கிறது. முதலில் மற்றவர்களைப் போலவே துடிப்பும் அழுத்தமும் ஏறுகின்றன. பிறகு, சில நொடிகளிலோ சில நிமிடங்களிலோ, வேகஸ் நரம்பு குறுக்கிட்டு இதயத்தின் வேகத்தை இழுத்துப் பிடிக்கிறது, கால்களில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்தம் கீழே தேங்குகிறது, மூளைக்குப் போவது குறைகிறது, ஆள் விழுகிறார். அழுத்தம் சரிந்துகொண்டிருக்கும் உடம்பிடம் "லூசா விடு" என்றால் அது இன்னும் சரியத்தான் செய்யும்.

இந்த வகைப் பயம் நோய் அளவுக்கு உள்ளவர்களில் சுமார் நான்கில் மூன்று பேருக்கு மயங்கிய அனுபவம் உண்டு. குடும்பத்தில் வழிவழியாக வருவதும் மற்றப் பயங்களைவிட இதில் அதிகம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994இல் வெளியிட்ட நோய்ப் பட்டியல் இதைத் தனிப் பிரிவாகவே பிரித்து வைத்தது. இதற்கும் கோழைத்தனத்துக்கும் சம்பந்தமில்லை. காளையின் திமிலைப் பிடித்துத் தொங்குகிறவர் 5 மி.லி. சிரிஞ்சைப் பார்த்து விழலாம். "இவ்ளோ பெரிய ஆம்பள, ஊசிக்கா பயப்படறீங்க?" என்று நீங்கள் சிரித்துக்கொண்டே கேட்பது, அடுத்த ஐந்து வருடத்துக்கு அவரை உங்கள் கதவருகே வரவிடாமல் செய்யும் வேலையைத்தான் செய்கிறது.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை: ரப்பர் கட்டுவதற்கு முன், பஞ்சை ஸ்பிரிட்டில் நனைப்பதற்கும் முன், ஒரே ஒரு கேள்வி. "இதுக்கு முன்னாடி ஊசி போட்டப்பவோ ரத்தம் எடுத்தப்பவோ மயக்கம் வந்திருக்கா, கண்ணு இருட்டியிருக்கா?" கேள்வியை இப்படியே கேளுங்கள். "ஊசின்னா பயமா?" என்று கேட்டால், பின்னால் வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது எந்த ஆணும் ஆமாம் என்று சொல்ல மாட்டார். மயக்கம் உடம்பு விஷயம். அதைச் சொல்ல யாருக்கும் கூச்சம் கிடையாது.

ஆமாம் என்றால், அவர் ஸ்டூலுக்கு உரியவர் அல்ல, கட்டிலுக்கு உரியவர்.

அவருக்கு நீங்கள் கற்றுத்தர வேண்டியது தசையை இறுக்கும் பயிற்சி. இதை ஒழுங்கான சிகிச்சை முறையாக வகுத்தவர் ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஓஸ்ட். தன் சகா உல்ஃப் ஸ்டெர்னருடன் சேர்ந்து 1987இல் அதை வெளியிட்டார். 1991இல் அவர் குழு செய்த ஒப்பீட்டில், இந்த இறுக்கப் பயிற்சி பெற்றவர்கள், ரத்தத்தையும் ஊசியையும் வெறுமனே பார்த்துப் பழகியவர்களைவிட அதிகம் தேறினார்கள். செலவு இல்லை, மருந்து இல்லை, கற்றுக்கொடுக்க நான்கு நிமிடம் போதும்.

முறை இது. ரத்தம் எடுக்கப்போகும் கை தளர்வாகக் கிடக்கட்டும். மற்றக் கையை முஷ்டி பிடித்து இறுக்கச் சொல்லுங்கள். அதோடு சேர்த்து இரு தொடைகள், கெண்டைக்கால், பிட்டம், வயிறு எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் இறுக்க வேண்டும். 10 முதல் 15 நொடி. சரியாகச் செய்தால் முகத்தில் சூடு ஏறுவது தெரியும். அந்தச் சூடுதான் அடையாளம், கடிகாரம் அல்ல; சிலருக்கு 8 நொடியில் வரும், சிலருக்கு 20 ஆகும். சூடு வந்ததும் விட்டுவிடலாம். ஆனால் தொய்ந்து போகிற அளவுக்கு விடக் கூடாது. பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு எப்படி இருக்குமோ அந்த நிலைக்குத் திரும்பினால் போதும். 20 முதல் 30 நொடி அப்படியே. பிறகு மறுபடி இறுக்கம். ஐந்து சுற்று. மொத்தக் கணக்குப் போட்டாலும் நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பெரிய தசைகள் இறுகும்போது கால்களில் தேங்கிய ரத்தம் பிழியப்பட்டு இதயத்துக்குத் திரும்புகிறது, அழுத்தம் நிமிர்கிறது. மயக்கத்துக்கு எதிர்த்திசையில் உடம்பைத் தள்ளுகிறோம், அவ்வளவுதான்.

நேரம் இருந்தால், அதாவது ஆபரேஷனோ ரத்தப் பரிசோதனையோ ஒரு வாரம் கழித்துதான் என்றால், வீட்டில் ஒரு நாளைக்கு ஐந்து வேளை, வேளைக்கு ஐந்து சுற்று செய்யச் சொல்லி அனுப்புங்கள். நேரம் இல்லையென்றால் டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் பெஞ்சிலேயே சொல்லிக்கொடுக்கலாம். ஊசி உள்ளே போகும்போதும் குழாய் நிரம்பும்போதும் இறுக்கம் தொடர வேண்டும்.

இதில் என்னென்ன பிசகும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். சொல்லிக்கொடுத்தும் விழுந்துவிட்டார்கள் என்றால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான். முதலாவது, மூச்சை அடக்குவது. "இறுக்குங்க" என்றதும் பாதிப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்குவார்கள். முக்கினால் நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. நாம் விரும்புவதற்கு நேர் எதிர். இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு: இறுக்கும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கொண்டிருப்பவரால் மூச்சை அடக்க முடியாது.

அடுத்தது, தாமதம். கண் இருட்டிய பிறகு ஆரம்பித்தால் பலன் குறைவு. கொட்டாவி, வாயில் எச்சில் ஊறுவது, குமட்டல், உதடு வெளுப்பது, காதில் இரைச்சல் ஆகியவை முன்னறிவிப்புகள். ஊசி அறையில் ஒருவர் கொட்டாவி விட்டால் அவருக்குத் தூக்கம் வருகிறது என்று எண்ண வேண்டாம். கொட்டாவி வந்தவுடன் இறுக்கம் ஆரம்பமாக வேண்டும்.

ரத்தம் எடுக்கும் கையையும் சேர்த்து இறுக்கிவிடுவது இன்னொரு பிசகு. ரத்தக் குழாய் நகரும், வலி கூடும், இரண்டாம் குத்து வேண்டியிருக்கும். இரண்டாம் குத்தில் எல்லாம் பாழ். ஒரு கையைத் தளரவிட்டு மற்றதை இறுக்குவது கேட்க எளிது, செய்ய அவ்வளவு எளிதல்ல. ஊசி இல்லாமல் இரண்டு தடவை ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள். தலை வலிக்கிறது, உடம்பு நடுங்குகிறது என்றால் அளவுக்கு மீறி இறுக்குகிறார் என்று பொருள், பாதியாகக் குறைக்கட்டும். ஊசியை எடுத்ததும் "ஆச்சு, எழுந்திரிங்க" என்று அனுப்புவதும் கூடாது. எடுத்த பிறகு வாசல்வரை நடந்துபோய் விழுகிறவர்கள் நிறைய. இன்னும் இரண்டு சுற்று இறுக்கம், பத்து நிமிடம் படுக்கை, பிறகு ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு நிமிடம், அதற்குப் பிறகுதான் நடை.

ஆழ்ந்த மூச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. பயந்திருப்பவரிடம் "நல்லா இழுத்து விடுங்க" என்றால் அவர் ஆழமாக விடுவதில்லை, வேகமாகத்தான் விடுவார். அதிகமாக மூச்சுவிட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். விரல் நுனி மதமதக்கும், தலை மிதக்கும். ஏற்கெனவே சரிந்துகொண்டிருப்பவருக்கு அது ஒரு கூடுதல் தள்ளு.

பி.பி. மிகவும் கூடுதலாக உள்ளவர், இதய நோயாளி, புதிதாக ஆபரேஷன் ஆனவர் ஆகியோருக்கு மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பயிற்சியைத் தர வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் அப்படியே. அவர்களை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து ரத்தம் எடுப்பது பாதுகாப்பான வழி. சுகர் பரிசோதனைக்காக 75 கிராம் குளுக்கோஸைக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் குமட்டலோடு காத்திருந்து, பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டும் கர்ப்பிணியை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

தண்ணீர் விஷயம் சின்னது, ஆனால் நம் ஊரில் முக்கியமானது. "வெறும் வயிற்றில் வாங்க" என்று சீட்டில் எழுதினால், ராத்திரி எட்டு மணியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருகிறவர்கள் உண்டு. சாப்பிடாமல் எடுக்கும் சுகர் பரிசோதனைக்குத் தண்ணீர் தடையில்லை. ரத்த தானம் செய்பவர்களுக்கு அரை மணி நேரம் முன்பு அரை லிட்டர் தண்ணீர் கொடுத்தால் மயக்கம் குறைகிறது என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். "காலையில் தண்ணீர் குடிக்கலாம்" என்று சீட்டிலேயே ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதும்.

இவ்வளவும் செய்த பிறகும் சிலர் விழுவார்கள். விழுந்தவரைத் தரையில் மட்டமாகப் படுக்கவைத்து, கால்களை ஸ்டூல் மேல் தூக்கி வையுங்கள். முகத்தில் தண்ணீர் தெளிப்பதாலோ சோடா தெளிப்பதாலோ நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை. தூக்கி உட்காரவைப்பதுதான் கெடுதல். நினைவு திரும்பும் முன் வாயில் தண்ணீர் ஊற்றுவது அதைவிடக் கெடுதல்.

மயங்கும்போது சிலருக்குக் கைகால் சில நொடி வெட்டி இழுக்கும். மூளைக்கு ரத்தம் குறைந்ததன் விளைவு அது. உடனே யாராவது சாவிக்கொத்தைத் தேடி ஓடுவார்கள். சீட்டில் "வலிப்பு" என்று எழுதப்படும். தேவையற்ற மாத்திரை, கல்யாணப் பேச்சில் சிக்கல், பள்ளியில் பட்டப்பெயர் என்று அந்த ஒரு சொல் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் எவ்வளவு தூரம் போகும் என்று உங்களுக்கே தெரியும். ஊசிக்குப் பின் வெளுத்து வேர்த்து விழுந்து, சில நொடி வெட்டி, படுத்ததும் ஒரு நிமிடத்துக்குள் கண் திறந்து, தான் எங்கே இருக்கிறோம் என்று தெளிவாகச் சொன்னால், "ஊசி சார்ந்த மயக்கம், சில நொடி துடிப்புடன்" என்று எழுதுங்கள். நினைவு திரும்ப நேரமாகிறது, எழுந்த பிறகும் நெடுநேரம் குழப்பம், நாக்கின் ஓரம் கடிபட்டிருக்கிறது என்றால் அது வேறு. மருத்துவர் பார்க்க வேண்டும். ஊசியே இல்லாமல், ஓடும்போதோ நெஞ்சு வலியோடோ மயங்கிய கதை இருந்தாலும் ஈ.சி.ஜி. வேண்டும்.

தடுப்பூசி போட்ட இடத்தில் இன்னொரு வித்தியாசமும் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். பயத்தால் மயங்கியவரின் நாடி மெதுவாக இருக்கும், தோல் வெளுத்துக் குளிர்ந்திருக்கும், படுத்ததும் தேறுவார். ஒவ்வாமை அதிர்ச்சியில் நாடி வேகமாகவும் மெலிந்தும் ஓடும். தடிப்பு, முக வீக்கம், மூச்சிரைப்பு சேர்ந்து வரலாம். படுக்கவைத்தால் மட்டும் தேறாது. அங்கே தயங்காமல் அட்ரினலினை எடுக்க வேண்டும். பயம்தான் என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

இனி பள்ளி முகாம். தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி டி.டி. (டெட்டனஸ், டிப்தீரியா) ஊசி 10 வயதிலும் 16 வயதிலும். பத்து வயதுப் பிள்ளை அழும், ஓடும், கையைத் தட்டிவிடும். ஆனால் விழுவது குறைவு. விழுவது பதினாறு வயதுதான். அந்த வயதில் அழ வெட்கம், ஓட வெட்கம், ஆகவே நின்ற இடத்தில் நின்று மயங்குகிறார்கள். ஒருவர் விழுவதைப் பார்த்து அடுத்தவரும், அவரைப் பார்த்து நான்கு பேரும் விழுவது உலகெங்கும் நடக்கிறது. 2014இல் கொலம்பியாவின் எல் கார்மென் தெ பொலிவார் என்ற ஊரில், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசிக்குப் பிறகு ஏராளமான மாணவிகள் இப்படி மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்தக் காட்சிகள் பரவியதில் அந்த நாட்டில் அந்தத் தடுப்பூசி போட்டுக்கொள்வோர் எண்ணிக்கையே சரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதற்கென்றே ஒரு கையேடு வெளியிட்டது. மருந்தில் கோளாறு இல்லாமலே ஊசி போடும் சூழலால் வரும் எதிர்வினைகளுக்கு அதில் தனிப்பெயரே கொடுத்திருக்கிறார்கள்.

சூழலை மாற்றப் பணம் வேண்டாம். வரிசை நிற்கும் இடத்திலிருந்து ஊசி போடும் மேசை தெரியக் கூடாது. ஒரு போர்டைத் திருப்பி வைத்தால் போதும், இல்லாவிட்டால் பக்கத்து வகுப்பறை. ஏற்கெனவே மயங்கியவர் யார் என்று வகுப்பாசிரியர் முந்தின நாளே தனித்தனியாகக் கேட்டு வைத்திருக்கட்டும். அவர்களை வரிசையின் கடைசியில் நிறுத்தாதீர்கள். காத்திருக்கக் காத்திருக்கப் பயம் ஏறும். முதலில் அழைத்து, பாய் விரித்த தனி அறையில் படுக்கவைத்துப் போட்டு அனுப்புங்கள். அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை எட்டு மணி பஸ்ஸுக்கு ஓடிய அவசரத்தில் வெறும் வயிற்றோடு வந்திருக்கலாம். சாப்பிட்டுவிட்டு வரச்சொல்லி முந்தின நாள் காலை வழிபாட்டுக் கூட்டத்திலேயே அறிவிப்பது நல்லது. ஊசிக்குப் பிறகு உட்காரவைக்கும் அரை மணி நேரத்தில் முதல் பதினைந்து நிமிடம்தான் மயக்கத்துக்கு உரியது. அந்த நேரத்தில் கழிப்பறைக்குத் தனியாக அனுப்ப வேண்டாம், சிமெண்ட் தரையில் தலை மோதும் விபத்துகள் அங்கேதான்.

சின்னப் பிள்ளைகளுக்கு வருவோம். "ஒண்ணுமே இல்லடா தங்கம், எறும்பு கடிச்ச மாதிரி" என்பது பொய். பிள்ளை அதை ஒரு தடவைதான் நம்பும். அடுத்த தடவை நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்பாது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட, தடுப்பூசி வலியைக் குறைக்கும் பரிந்துரைகள், வலியை நினைவூட்டும் சொல்லும் வேண்டாம், பொய்யான ஆறுதலும் வேண்டாம் என்கின்றன. "இப்ப போடறேன்" என்பது போதும். கைக்குழந்தை தாய்ப்பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே போடலாம். கொஞ்சம் பெரிய பிள்ளை அம்மா மடியில் நிமிர்ந்து உட்காரட்டும்; மல்லாக்கப் படுக்கவைத்து அமுக்குவது பயத்தைக் கூட்டும். ஒரே நாளில் இரண்டு ஊசி என்றால் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போடுங்கள். தடுப்பூசி போடும்போது சிரிஞ்சைப் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பது தேவையில்லை; வலி நீளுவதுதான் மிச்சம்.

நான்கு பேர் சேர்ந்து கைகால்களைப் பிடித்துப் போடும் ஊசியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வெறிநாய் கடித்திருந்தால் வேறு வழியில்லை, பிடித்துத்தான் போட வேண்டும். அடுத்த புதன்கிழமை போட்டாலும் பாதகமில்லாத ஊசிக்கு அப்படிச் செய்தால், இன்றைய கணக்கில் ஒரு டோஸ் ஏறும். நாளைக்கு ஒரு நோயாளி உருவாவார். நோய் அளவிலான ஊசிப் பயம் பெரும்பாலும் பத்து வயதுக்கு முன்னால் வேர் பிடிப்பது. "சேட்டை பண்ணா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்" என்று பெற்றோர் உங்கள் முன்னாலேயே மிரட்டும்போது நீங்கள் சிரித்துத் தலையாட்டாமல், "நாங்க அப்படிப் போட மாட்டோம் கண்ணு" என்று பிள்ளையிடம் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

இதுவரை சொன்னது உங்களிடம் வந்து சேர்ந்தவர்களைப் பற்றி. வராதவர்கள் பெரிய கவலை. நாய் கடித்த ஒருவர் மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்கிறார். கேட்டால் "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி யார் போட்டுக்கிறது" என்பார். அந்தப் பழைய நரம்புத் திசுத் தடுப்பூசி இந்தியாவில் 2004ஆம் ஆண்டோடு நின்றுபோனது. இன்று அரசு மருத்துவமனையில் போடுவது தோலுக்குள் 0.1 மி.லி. வீதம் இரு கைகளிலும். முதல் நாள், அதிலிருந்து 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். இருபது வருடத்துக்கு முன்பே போன ஊசியின் பயம் இன்னும் ஊரில் உலவுகிறது என்றால், அதை வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியது துறையின் வேலை. ஆழமான கடி என்றால் காயத்தைச் சுற்றியே போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப்பொருள் ஊசியும் உண்டு, அது வலிக்கும். அதை மறைக்காமல் சொல்லுங்கள். ரேபீஸ் வந்தபின் மருந்து கிடையாது என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள்.

இன்சுலினுக்கு மறுப்பவர்களில் எல்லோரும் ஊசிக்குப் பயந்தவர்கள் அல்ல. "ஆரம்பிச்சா விட முடியாது", "கடைசிக் கட்டத்துலதான் இன்சுலின்" என்ற எண்ணம்தான் பலருக்குத் தடை. அதற்குப் பேச்சு போதும், சிகிச்சை வேண்டாம். உண்மையிலேயே ஊசிக்குப் பயந்தவருக்கு, லேபில் ரத்தம் எடுக்கும் 21 கேஜ் ஊசியையும் இன்சுலின் பேனாவின் 32 கேஜ் ஊசியையும் ஒரு வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். முன்னது சுமார் 0.8 மி.மீ. தடிமன், பின்னது 0.23 மி.மீ., நீளம் வெறும் 4 மி.மீ. அவர் மனசில் இருப்பது முதல் ஊசி. கையில் ஏறப்போவது இரண்டாவது.

பயம் இதையெல்லாம் தாண்டி நின்றால் முறையான சிகிச்சை வேண்டும். அது வருடக்கணக்கில் நீளுகிற சமாச்சாரம் அல்ல. அதே ஓஸ்ட் 1989இல், தனிப்பட்ட பயங்களுக்கு ஒரே அமர்வில் முடிக்கும் சிகிச்சையை விவரித்தார். ஓர் அமர்வு அதிகபட்சம் மூன்று மணி நேரம். படிகள் ஏறக்குறைய இப்படிப் போகும்: சிரிஞ்ச் படம்; மேசை மேல் உறை பிரிக்காத சிரிஞ்ச்; உறை பிரித்து ஊசி இல்லாமல் கையில் பிடிப்பது; ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சின் வாசனை (பலருக்கு இந்த வாசனையே பாதிப் பயம்); கையில் ரப்பர் கட்டி அவிழ்ப்பது; மூடி போட்ட ஊசியைத் தோலில் வைப்பது; விரல் நுனியில் ஒரு குத்து; கடைசியில் ரத்தம் எடுப்பது. ஒவ்வொரு படியிலும் பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியமான கேள்வி, "இப்ப என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க?" "ரப்பர் கட்டினாலே வாந்தி எடுத்துடுவேன்" என்பார். கட்டுங்கள். இரண்டு நிமிடம் கழித்து, நடந்ததா என்று கேளுங்கள். நினைத்தது நடக்கவில்லை என்பதை அவர் வாயாலேயே சொல்லவைப்பதில்தான் பயம் தளர்கிறது, உங்கள் ஆறுதலில் அல்ல.

சிகிச்சையும் பிசகும். பயம் உச்சத்தில் இருக்கும்போது படியை நிறுத்திவிட்டால், தப்பித்ததுதான் தன்னைக் காப்பாற்றியது என்று மூளை எழுதிக்கொள்ளும். கொஞ்சம் தணிந்த பிறகு நிறுத்துங்கள், முடியாவிட்டால் ஒரு படி இறங்கி அங்கே நில்லுங்கள். "கண்ணை மூடிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, பேசிய படியைத் தாண்டிக் குத்திவிடுவது துரோகம்; அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் எடுபடாது. மயங்கும் ரகத்தினருக்கு இறுக்கப் பயிற்சியைக் கற்றுத்தராமல் படியேற்ற வேண்டாம். பதற்றத்துக்கு எழுதும் ப்ரொப்ரனலால் மாத்திரை மேடைப் படபடப்புக்கு உதவலாம். துடிப்பையும் அழுத்தத்தையும் குறைக்கும் மருந்தை அழுத்தம் சரிந்து விழுபவருக்குக் கொடுப்பதில் பொருளில்லை. அல்பிரசோலம் போன்றவை அன்றைக்குத் தூக்கத்தைத் தரும். பழகிக் கற்பதைக் கெடுக்கும்.

மரத்துப்போகச் செய்யும் களிம்பு (லிக்னோகெயின் 2.5%, ப்ரிலோகெயின் 2.5%) ஊசிக்கு 60 நிமிடம் முன்பு தடவி மேலே பிளாஸ்டிக் ஒட்டி மூட வேண்டும். ஐந்து நிமிடம் முன்பு தடவிவிட்டு "வேலை செய்யலை" என்பது களிம்பின் குற்றமல்ல. செலவும் நேரமும் பிடிப்பதால் பெருவாரியான தடுப்பூசித் திட்டங்களுக்கு உலக சுகாதார நிறுவனமே இதைப் பரிந்துரைக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் மாதந்தோறும் ரத்தம் ஏற்றவேண்டிய தலசீமியாப் பிள்ளைகளுக்காவது மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருப்பு வையுங்கள்.

அதிகாரிகளிடம் கேட்பவை இவை. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் "முன்பு மயக்கம்: உண்டு / இல்லை" என்று ஒரு கட்டம். ஒவ்வொரு ஆய்வகத்திலும் ஸ்டூலோடு ஒரு கட்டில். இடமில்லை என்றால் சாயும் நாற்காலியும் கால் வைக்க ஒரு பெஞ்சும். கிராம சுகாதார செவிலியர்களுக்கும் லேப் டெக்னீஷியன்களுக்கும் வருடத்துக்கு அரை நாள் பயிற்சி. அதில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து இறுக்கப் பயிற்சியைச் செய்து பார்க்க வேண்டும், ஸ்லைடு போட்டுக் காட்டிவிட்டு அனுப்பக் கூடாது. புதன்கிழமைத் தடுப்பூசிக் கூட்டத்தில் இதற்கெல்லாம் நேரம் கிடைக்காது என்று எங்களுக்கும் தெரியும். ஆகவே வேறொரு நாள் பிற்பகல் இரண்டு மணி நேரம், பயந்தவர்களுக்கென்று. மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளர் மாதம் ஒரு முறை அந்த நேரத்துக்கு வந்தால், மூன்று மணி நேர அமர்வு எப்படி நடக்கும் என்று மற்றவர்களும் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்கலாம். உதவி எங்கே கேட்பது என்று தெரியாதவர்களுக்கு 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணை ஆய்வகச் சுவரில் எழுதி வையுங்கள். அதில் தமிழிலும் பேசலாம்.

அந்தச் சுவரில் ஒட்ட ஒரு சின்ன அறிவிப்பையும் எழுதித் தந்திருக்கிறோம். அப்படியே அச்சடித்துக்கொள்ளலாம்:

"ஊசி போடும்போதோ ரத்தம் எடுக்கும்போதோ உங்களுக்கு முன்பு மயக்கம் வந்திருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். படுக்கவைத்து எடுப்போம். வெறும் வயிற்றுச் சுகர் பரிசோதனைக்கும் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். கொட்டாவியோ குமட்டலோ வந்தால் உடனே கால்களையும் வயிற்றையும் இறுக்குங்கள், வாய்விட்டு எண்ணுங்கள், எங்களைக் கூப்பிடுங்கள். முடிந்த பிறகு பத்து நிமிடம் எழ வேண்டாம்."

இப்படிக்கு,
பய நோய்களுக்குச் சிகிச்சை தரும் உளவியலாளர்கள், மனநலச் செவிலியர்கள் சிலர்